வைத்தியருக்கு விளங்கும் விடை வேண்டும்

யாருக்கு என்ன நோய், அதற்கு எந்த மருந்து என்ற பதிவுகள் பெரிய வைத்தியசாலைகளில் ஆயிரக்கணக்கில் உள்ளன. இவற்றுள் எவை சேர்ந்து வருகின்றன என அறிந்தால் சிகிச்சையைத் திட்டமிடலாம். இதற்குக் கணனி ஆய்வாளர் கையாளும் முறைகளுள் ஒன்றே ரென்சர் காரணிப்படுத்தல்.

நோயாளரையும் மருந்தையும் மட்டும் குறித்தால் ஓர் அட்டவணை கிடைக்கும். அதில் அஸ்பிரின் என்றிருந்தால், அது உடல்நோவுக்கா இருதய நோய்க்கா கொடுக்கப்பட்டது என்று தெரியாது. நோயையும் மூன்றாவது பக்கமாகச் சேர்த்தால் அட்டவணை ஒரு பெட்டியாகிறது. அப்பெட்டியே ரென்சர். அதனைச் சில கட்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கட்டிலும் சில நோய்கள், அவற்றுக்குரிய மருந்துகள், அவை பொருந்தும் நோயாளர் ஆகிய மூன்றும் இருக்கும்.

ஆயினும், கட்டுப்பாடின்றிப் பிரித்தால் ஒரே கட்டில் நூற்றுக்கணக்கான நோய்கள் சிறு சிறு எண்களுடன் வந்துவிடும். சில எண்கள் மறையாகவும் இருக்கும். 'நீரிழிவு மறை இரண்டு' என்பதை எந்த வைத்தியர் விளங்கிக்கொள்வார்? இதனைச் சீராக்கச் சில வழிகள் உள்ளன:

1. மறை எண்களுக்கு இடமளியாதிருத்தல்.

2. மிகச் சிறிய எண்களைப் பூச்சியமாக்கிப் பட்டியலைச் சுருக்குதல்.

3. பெரும்பாலானோரிடம் காணப்படுவனவற்றைப் புறம்பாக ஒதுக்குதல்.

4. கட்டுகள் ஒன்றையொன்று ஒத்திராமற் பார்த்தல்.

முதலிரு வழிகளையும் கையாண்ட 'லைம்ஸ்ரோன்' என்ற முறையை ஜோய்ஸ் ஹோ குழுவினர் 2014இல் வெளியிட்டனர். ஐக்கிய அமெரிக்காவின் கைசிங்கர் சுகாதார நிறுவனத்தில் 31,815 நோயாளரின் பதிவுகள் ஆராயப்பட்டன. அவற்றில் 169 நோய் வகைகளும் 471 மருந்து வகைகளுமாக 640 விபரங்கள் இருந்தன. இருதயச் செயலிழப்பை முன்னறிவதில் இந்த 640 விபரங்களையும் விட 40 கட்டுகளே மேலாக உதவின. முதன்மையான 50 கட்டுகளில் 82 வீதமானவை மருத்துவப் பொருள் உடையவை என நிபுணர் ஒருவர் உறுதிப்படுத்தினார்.

எஞ்சிய 18 வீதத்தையும் நாம் மறத்தலாகாது. அவற்றைக் கணனியால் தானாக இனங்காண முடியாது. வைத்தியரே வாசித்துத் தள்ளவேண்டும். மேலும், பட்டியலை அளவுக்கு மீறிச் சுருக்கினால் அரிதான நோயுள்ள ஒருவர் கணக்கிலிருந்தே விடுபடலாம்.

ஆகவே இத்தகைய முடிவொன்று எம்முன் வைக்கப்படும்போது மூன்று கேள்விகளைக் கேட்போம். கட்டுகளின் எண்ணிக்கையை எவ்வாறு தீர்மானித்தனர்? வேறு தொடக்க எண்களுடன் மீண்டும் கணித்தாலும் அதே கட்டுகள் வருகின்றனவா? நோயாளரைப் பார்த்துப் பழகிய வைத்தியர் அவற்றை வாசித்தாரா?