பழகிய விரலும் புதிய கணினியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் ஊர் வரலாற்றையும், குடும்ப வரலாற்றையும், கோயில் மலர்க் கட்டுரைகளையும் கணினியிலே தாமே எழுதி வைத்துள்ளனர். அவர்களிற் பலர் பழகியது பாமினி என்னும் எழுத்துருவாகும். பிள்ளைகள் அன்போடு புதிய கணினி ஒன்றை வாங்கிக் கொடுக்கின்றனர். அன்றே இடர் தொடங்கிவிடுகிறது. பழைய கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றுகின்றன. புதிதாக எழுத முயன்றால், விரல் ஒன்றை அழுத்தத் திரையில் வேறொன்று வருகின்றது. "எனக்கு மறதி வந்துவிட்டது" என்று முதியவர் எழுதுவதையே கைவிடுகின்றார்.

இது மறதியால் வந்த வினையன்று. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்திய எழுத்துருவாகும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உள்ளிருக்கும் ஆங்கில எழுத்துகளே வெளிப்படும். யுனிக்கோட் முறையோ தமிழுக்கெனத் தனிக் குறியெண்களை வகுத்துள்ளது. 1991 ஆம் ஆண்டிலேயே அதில் தமிழ் இடம்பெற்றது. அம்முறையில் எழுதியதை ரொறன்ரோவிலுள்ள பேரப்பிள்ளையும் தன் தொலைபேசியில் வாசிக்கலாம். ஆகவே கோப்புகள் மாறத்தான் வேண்டும். விரற்பழக்கம் மாற வேண்டுவதில்லை.

பாமினியில் எஃப் விசை ககரத்தைத் தரும். 1999 இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையிலோ அதே விசை புள்ளியைத் தரும். ஆண்டுக்கணக்காய்ப் பழகிய விரலைத் திருப்புதல் எளிதாகுமா? இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் ஆகிய மென்பொருள்களில் பாமினி விசையமைப்பும் உண்டு. அதனைத் தெரிவுசெய்து கொடுத்தால், பழைய விசைகளை அழுத்தியே யுனிக்கோட்டில் எழுதலாம்.

பழைய கோப்புகளை எழுத்துமாற்றி கொண்டு மாற்றும்போது மூலப்படியை அழியாது பாதுகாத்தல் வேண்டும். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருப்பின் அவை பொருளற்ற தமிழெழுத்துகளாய்ச் சிதைந்துவிடும். ஆதலின் இரு படிகளையும் ஒப்புநோக்கித் திருத்துதல் அவசியமாகும். அவ்வேளை முதியவரையே அருகிருத்திக் கேளுங்கள். காணிப் பெயரும் குறிச்சிப் பெயரும் அவரன்றி வேறு யாருக்குத் தெரியும்?

கற்பிக்கும்போது விசைப்பலகையைப் பறித்து நீங்களே செய்து முடித்தல் தகாது. அவர் கையே அழுத்தட்டும். செய்யவேண்டிய படிகளை ஒரு கொப்பியிற் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதிக் கொடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். நாம் காட்டும் அச்சிறு பொறுமையினால், ஓர் ஊரின் வரலாறு திறக்கவியலாத கோப்பாய் முடங்காது, வருந்தலைமுறையின் கைக்குச் சேரும்.