ஏழைகள் பெருகியது எப்படி?

"பிள்ளைகளைப் பெற்றுத் தள்ளுகிறார்கள், அதனால்தான் வறுமை." கிராமக் கூட்டங்களில் யாரேனும் ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்பவர் பெரும்பாலும் வசதியுள்ளவர். நாவுலயைச் சூழ்ந்த பிரதேசத்தின் பழைய நிலையை அறிந்தவர் இப்படிப் பேசமாட்டார்.

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், மலைநாடு தாழ்ந்து உலர்வலயம் தொடங்கும் இடத்தில் உள்ளது நாவுல. இத்தகைய இடங்களில் வரட்சி வந்தால் ஆறு வற்றிக் குட்டைகளாகும். அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகும். 1934-35 கொள்ளைநோயில் மட்டும் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடுவீடாக டீ.டீ.ரீ. தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 ஆயிற்று. பிறப்பு வீதமோ 40ஐ ஒட்டியே நின்றது. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து வரும் மீதியே இயற்கை அதிகரிப்பு. 1946இல் 66 இலட்சமாயிருந்த சனத்தொகை 1971இல் ஒரு கோடி 26 இலட்சத்தைத் தாண்டியது. தாய்மார் முன்னிலும் அதிகமாகப் பெற்றதால் வந்த பெருக்கமல்ல இது. பிறந்தவர்கள் சாகாமல் பிழைத்ததால் வந்தது.

எல்லாம் நுளம்பு மருந்தின் புண்ணியமா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. இறப்புக் குறைவில் ஏறக்குறையப் பாதியை மலேரியா ஒழிப்புக்குக் கொடுத்தார் பீற்றர் நியூமன். கால்பங்குக்குச் சற்றுக் குறைவாகவே கொடுத்தார் ரொனால்ட் கிரே. மிகுதி பங்கீட்டு அரிசிக்கும் கிராம வைத்தியசாலைக்கும் மருத்துவிச்சிக்கும் உரியது என்றே நான் எண்ணுகிறேன்.

தோட்டங்களைப் பாருங்கள். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது அங்கே இறப்பு வீதம் திடீரென உயர்ந்தது. குழந்தைகளே அதிகம் மடிந்தனர். அந்த ஆண்டுகளில் தோட்டச் சனத்தொகை பெருகவில்லையே என்று மகிழ யாருக்கு மனம் வரும்?

பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை பிறந்த பின்னரே பிறப்பும் குறைந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி பெண்பிள்ளைகளைப் பாடசாலையில் இருத்தியது. 1953இல் 21 அளவில் இருந்த பெண்களின் சராசரித் திருமண வயது 1981இல் 24ஐக் கடந்தது. குடும்பத் திட்ட முறைகளும் கிராமத்தை எட்டின. ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் என்றிருந்த பிள்ளைகளின் சராசரி 2016இல் 2.2 ஆயிற்று. கிழக்கு ஆபிரிக்காவின் கென்யாவும் இதே வழியில் பின்னால் வருகிறது: 1970களின் இறுதியில் 8, 2022இல் 3.4.

2016இல் மலேரியா அற்ற நாடென இலங்கை சான்று பெற்றது. 2019இல் 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதிவாயின. 2023இல் அவை இரண்டரை இலட்சத்தையும் எட்டவில்லை. பொருளாதார நெருக்கடியால் திருமணத்தையும் மகப்பேற்றையும் தள்ளிப்போட்டவர்கள் பலர்; இளையோர் பலர் வெளிநாடு சென்றுவிட்டனர். கூட்டங்களில் இனி நாம் எண்ண வேண்டியது தொட்டில்களையல்ல; வீட்டில் தனித்திருக்கும் முதியோரை யார் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வது என்பதை.