புறம்போக்கில் பிறந்த ஆட்டம்

காற்றோடு ஓர் ஆட்டம்: தொடர் – 3

எட்டுப் பேராகக் கிளம்பினால் எல்லாச் செலவும் எட்டாகப் பிரியும் என்று கணக்குப் போட்ட குழு எங்களுடையது. வேன் வாடகை, அறை, சாப்பாடு எல்லாம் அப்படித்தான் பிரிந்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் வந்ததும் அந்த ஊர் எங்களையே நாலு நாலாகப் பிரித்துவிட்டது.

அங்கிருக்கும் ஓல்டு கோர்ஸ் உலகத்தில் கோல்ஃப் ஆடும் எல்லோரும் ஒரு தடவையாவது மிதிக்க ஆசைப்படும் மண். அதில் ஆட இடம் கேட்டால் குலுக்கலில் பெயர் போடு என்கிறார்கள். இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு சீட்டில் இரண்டு பேர் முதல் நாலு பேர் வரை. மாலையில் பட்டியல் வரும். பெயர் இருந்தால் யோகம், இல்லாவிட்டால் மறுநாள் மறுபடியும் போடலாம். முன்கூட்டியே நேரம் பிடித்துத் தரும் சுற்றுலா நிறுவனங்கள் உண்டுதான். அவர்கள் சொல்லும் விலையைக் கேட்டதும் எங்கள் குழு ஒருமனதாகக் குலுக்கலின் பக்கம் சாய்ந்தது.

எட்டுப் பேருக்கு இரண்டு சீட்டு. வியாழக்கிழமை மாலை வெளியான சனிக்கிழமைப் பட்டியலில் முதல் சீட்டு இருந்தது, இரண்டாவது இல்லை. இரண்டாவதில் நானும் டாக்டரம்மாவும் இருந்தோம். முதல் சீட்டின் தலைவர், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். முகத்தில் சந்தோஷத்தைக் காட்டாமலிருக்க அவர் பட்ட பாடு எல்லோருக்கும் தெரிந்தது.

“என்ன சார், லோன் சாங்ஷன் ஆயிடுச்சு போலிருக்கே?” என்றார் டாக்டரம்மா.

“உங்க அப்ளிகேஷன்ல டாக்குமென்ட் பத்தலம்மா” என்றார் மேனேஜர் சார். பழைய தொழில் எங்கே போகும்?

சீசனில் ஓர் ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல் கட்டணம். உள்ளூர்க்காரருக்கு ஆண்டுச் சீட்டு உண்டு. அதற்கு அவர் கட்டுவதை வெளியூர்க்காரர் ஓரிரு ஆட்டத்தில் தொலைத்துவிடுவார். இதில் கோபப்பட ஒன்றுமில்லை. இடம் ஊருக்குச் சொந்தம். கோல்ஃப் என்றால் மதில், காவலாளி, உறுப்பினர் அட்டை என்று பழகிப்போன நமக்கு இதுதான் முதலில் மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. மைதானத்தின் தலைமாட்டில் சாம்பல் நிறக் கல்லில் கம்பீரமாக நிற்கிறதே ஆர் அண்ட் ஏ கிளப் கட்டடம், உலகத்தின் பெரும்பகுதிக்கு கோல்ஃப் விதிகளை எழுதிக்கொடுத்த பரம்பரை, அந்த கிளப்புக்கும் இந்த மண்ணில் ஒரு சென்ட் சொந்தமில்லை.

நம் ஊர் வருவாய்த்துறைப் பாஷையில் சொன்னால், இது புறம்போக்கு. மேய்ச்சல் புறம்போக்கு, மந்தைவெளி என்று நம் கிராமங்களில் இருந்தனவே, அந்த வகை. பனியுகம் முடிந்து பனிப்பாளங்களின் பாரம் இறங்கியதும் ஸ்காட்லாந்தின் நிலம் மெல்ல மேலெழும்பியது. கடல் பின்வாங்கிய இடத்தில் மணல் நின்றது, காற்று அதை மேடும் பள்ளமுமாகக் குவித்தது. கடலுக்கும் வயலுக்கும் நடுவில் ஏர் பூட்ட முடியாத ஒரு பட்டை. உரமில்லாத மணலில் நுணுக்கமான, கடினமான ஒரு புல் மட்டும் வளரும். ஆடும் முயலும் அதைக் கடித்துக் கடித்துக் கம்பளம் போலாக்கின. மழை எவ்வளவு பெய்தாலும் தண்ணீர் நிற்காது. இத்தகைய கடலோர மைதானத்தைத்தான் லிங்க்ஸ் என்கிறார்கள். பங்கர் எனப்படும் மணல்குழிகள்கூட ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த இடங்கள்தான் என்று சொல்வார்கள். எல்லாக் குழிக்கும் ஆட்டையே பொறுப்பாக்க முடியாது. முயலுக்கும் மண் அள்ளிய மனிதருக்கும் அதில் பங்குண்டு.

இந்த மண்ணில் எப்போது ஆட ஆரம்பித்தார்கள் என்பதற்குப் பழைய சான்று ஒரு தடையுத்தரவு. 1457-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் நாடாளுமன்றம் கால்பந்தையும் கோல்ஃபையும் விலக்கியது. இங்கிலாந்தோடு பகை இருந்த காலம். இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் பந்தை விரட்டிக்கொண்டிருந்தால் நாடு என்னாவது? 1471-லும் 1491-லும் அதே தடையை மறுபடி போட்டிருக்கிறார்கள் என்பதிலிருந்து மக்கள் எவ்வளவு மதித்தார்கள் என்று தெரிகிறது. 1502-ல் நான்காம் ஜேம்ஸ் தனக்கே கோல்ஃப் மட்டைகள் வாங்கிய செலவு அரசுக் கணக்கில் ஏறியிருக்கிறது. அவற்றைச் செய்துகொடுத்தவர் பெர்த் நகரத்து வில் செய்பவர். எந்த வில்லுக்காகத் தடை போட்டார்களோ, அந்த வில் பட்டறையிலிருந்தே மட்டை வந்தது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்களுக்கு இந்த நிலத்தில் ஆடும் உரிமை 1552-ல் எழுத்தில் வந்தது. பேராயர் ஜான் ஹாமில்டனின் சாசனம் அது. முயல் வளர்க்கும் உரிமையைத் திருச்சபை வைத்துக்கொண்டது, விளையாடும் உரிமை ஊராருக்கு. இந்த முயல்தான் பின்னால் வினையானது. 1797-ல் கடனில் மூழ்கிய நகராட்சி லிங்க்ஸைக் கைமாற்றிவிட, அது முயல் பண்ணைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. மைதானமெங்கும் வளை. கோல்ஃப் ஆடுகிறவர்கள் முயலை அடிக்க, முயல்காரர்கள் இவர்களை அடிக்க, வழக்கு நீதிமன்றப் படிகளில் பல வருடம் ஏறி இறங்கியது. 1821-ல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் நிலத்தை வாங்கி, ஆட்டத்துக்கே விட்டார். 1894-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் நகரம் அதைத் தன் கைக்கு மீட்டுக்கொண்டது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் பொறுப்பில் இப்போது ஏழு மைதானங்கள்.

18 குழி என்ற உலகக் கணக்கும் இந்த நிலத்தின் ஒடுக்கத்தில் பிறந்ததுதான். கடலோரமாக நேரே போய், அதே வழியில் திரும்பி வரும் ஆட்டம். ஒரு காலத்தில் போகவர 22 குழி. 1764-ல் ஆரம்பத்துக் குட்டைக் குழிகள் நாலை இரண்டாக்கினார்கள். போகையில் இரண்டு, வருகையில் இரண்டு குறைந்து 18 ஆனது. உலகம் அதையே வேதமாக எடுத்துக்கொண்டது. கூட்டம் பெருகியபோது, குழியைச் சுற்றி கிரீன் எனப்படும் புல்தரை ஒன்றிலேயே இரண்டு குழி வெட்டி, போகிறவர்க்கு ஒன்று, வருகிறவர்க்கு ஒன்று என்றார்கள். இன்றும் ஏழு கிரீன்கள் அப்படி இரட்டையாகவே இருக்கின்றன. ஜோடிக் குழிகளின் எண்ணைக் கூட்டினால் எப்போதும் 18 வரும்: இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும். மேனேஜர் சார் ஒவ்வொன்றாகக் கூட்டிச் சரிபார்த்தார்.

வெள்ளிக்கிழமை எட்டுப் பேரும் சேர்ந்து ஆடியது பக்கத்திலுள்ள நியூ கோர்ஸில். புதியது என்று பெயர், திறந்தது 1895-ல். எங்கள் குழுவின் வீராப்பு அங்கேதான் வடிந்தது. தினமும் தண்ணீர் பாய்ச்சிய மெத்தைப் புல்லில் பழகியவர்கள் நாங்கள். பந்தை உயரத் தூக்கி அடித்தால் விழுந்த இடத்தில் நிற்கும் என்று நம்புகிறவர்கள். இங்கே உயரத் தூக்கினால் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும். தரையில் விழுந்தாலோ உருண்டுகொண்டே இருக்கும். மரம் ஒன்றுகூட இல்லை, ஒதுங்க இடமில்லை. ஓரங்களில் மஞ்சள் பூ பூத்த முள்புதர். அழகுதான், பந்து உள்ளே போனால் கை கிழியும். குழுவில் இளையவர் கிரீனுக்கு நாற்பது கஜம் வெளியே நின்று உயர அடிக்கும் மட்டையை உருவினார். மட்டைப் பையைச் சுமந்து கூட வந்த கேடி ஒன்றும் பேசாமல் அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, கிரீனில் பந்தைத் தட்டப் பயன்படும் பட்டரைக் கையில் கொடுத்தார். மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, வளைந்து போய், குழிக்கு அருகில் நின்றது பந்து. அதன்பிறகு அன்று முழுவதும் எல்லோருமே பட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம், தேவையில்லாத இடத்திலும்.

பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கோல்ஃப் பந்து என்பது தோலுறைக்குள் வேகவைத்த இறகுகளைத் திணித்துத் தைத்தது. ஒரு தொப்பி நிறைய இறகு ஒரு பந்துக்குள் போகும். தேர்ந்த கைவினைஞரே ஒரு நாளில் சிலவற்றைத்தான் முடிப்பார், விலையும் அதற்கேற்ப. மழையில் நனைந்தால் ஊறிப் பிய்ந்துவிடும். செயின்ட் ஆண்ட்ரூஸில் இந்தத் தொழிலின் மன்னர் ஆலன் ராபர்ட்சன். அவரிடம் வேலை கற்றவர் டாம் மாரிஸ். 1848 வாக்கில் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலைக் காய்ச்சி உருட்டிய மலிவான பந்து வந்ததும் ராபர்ட்சனுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் மாரிஸ் அந்தப் பந்தில் ஆடுவதைப் பார்த்துவிட்டார். குருவும் சீடரும் பிரிந்தார்கள். மாரிஸ் 1851-ல் மேற்குக் கரையில் பிரெஸ்ட்விக் போனார். அங்கே அவர் அமைத்த 12 குழி மைதானத்தில்தான் 1860-ல் எட்டுத் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு முதல் ஓப்பன் போட்டி நடந்தது. வென்றவர் வில்லி பார்க், மாரிஸுக்கு இரண்டாமிடம். பின்னாளில் செயின்ட் ஆண்ட்ரூஸுக்கே மைதானக் காப்பாளராகத் திரும்பி வந்து, ‘ஓல்டு டாம்’ ஆகி, 1908-ல் மறைந்தார்.

அந்த மரப்பால் வந்தது மலாய்க் காடுகளிலிருந்து. நம்முடைய இலுப்பை, மகிழம், சப்போட்டா எல்லாம் அந்த மரத்தின் தாயாதிகள், ஒரே தாவரக் குடும்பம். முதல் பந்தைப் பற்றி இங்கே ஒரு கதை உலவுகிறது. கீழை நாட்டிலிருந்து ராபர்ட் பேட்டர்சன் என்பவர் வீட்டுக்கு ஒரு விஷ்ணு சிலை வந்ததாம், உடையாமலிருக்கப் பெட்டிக்குள் கட்டாபெர்ச்சாவை அடைத்து அனுப்பியிருந்தார்களாம், அதை உருக்கித்தான் அவர் பந்து செய்தாராம். நம்பலாமா என்றால் நான் உத்தரவாதம் தரமாட்டேன். டாக்டரம்மா மட்டும் உடனே நம்பிவிட்டார்.

சனிக்கிழமை அந்த நால்வர் ஓல்டு கோர்ஸில் இருந்தபோது, எஞ்சிய நாங்கள் பக்கத்திலேயே ‘இமயமலை’யில் இருந்தோம். பட்டரால் மட்டும் ஆடும் மேடுபள்ளப் புல்வெளிக்கு அங்கே அப்படிப் பெயர். அதை நடத்துவது 1867-ல் தொடங்கிய பெண்கள் பட்டிங் கிளப். கையைத் தோளுக்கு மேல் ஓங்கி மட்டையை வீசுவது பெண்களுக்கு அழகல்ல என்று கருதிய காலம். மெல்லத் தட்டுங்கள் போதும் என்று ஒதுக்கிக்கொடுத்த மூலை அது. சில பவுண்டு கொடுத்தால் இன்று யாரும் ஆடலாம். குழந்தைகளும் தாத்தாக்களும் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்துக் கட்டடத்து ஆர் அண்ட் ஏ கிளப்போ பெண்களை உறுப்பினராக்கச் சம்மதித்தது 2014-ல்தான். எடின்பரோவுக்குக் கிழக்கே உள்ள மியூர்ஃபீல்டு கிளப் அதைவிடப் பிடிவாதம். 2016-ல் அங்கே வாக்கெடுப்பு நடந்து, மூன்றில் இரண்டு பங்கு எட்டாமல் தோற்றது. ஓப்பன் போட்டி இனி உங்களுக்கு இல்லை என்று ஆர் அண்ட் ஏ சொன்னது. மறு ஆண்டே மறுவாக்கெடுப்பு, அமோக ஆதரவு! மனமாற்றம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யார் நினைத்தார்கள்? 2022-ல் பெண்கள் ஓப்பன் அங்கேயே நடந்தது.

“புறம்போக்குல இருக்கிற நியாயம் பட்டா நிலத்துல வர நேரமாகும்” என்றார் டாக்டரம்மா, எங்கள் மூவரையும் தோற்கடித்தபடியே.

ஞாயிறு ஓல்டு கோர்ஸுக்கு விடுமுறை. பெரிய போட்டிகள் தவிர மற்ற ஞாயிறுகளில் அங்கே யாரும் ஆட முடியாது, யாரும் நடக்கலாம். எட்டுப் பேரும் போனோம். நாய்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தார்கள். முதல் குழிக்கும் கடைசிக் குழிக்கும் குறுக்கே ஊர்ச்சாலை போகிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் அதில்தான் போவார்கள். ஸ்வில்கன் ஓடையில் ஒரு காலத்தில் ஊர்ப் பெண்கள் துணி துவைத்து இங்கேயே உலர்த்தினார்கள். துணிமேல் பந்து விழுந்தால் துணியை உருவிக்கொள்ளலாம், துவைக்கும் தொட்டி அருகே விழுந்தால் தொட்டியை நகர்த்தலாம் என்று பழைய விதியே உண்டு.

மேனேஜர் சார் ஒவ்வோர் இடத்திலும் நின்று முந்தின நாள் தான் அடித்ததை விளக்கினார். பதினாலாம் குழியின் ‘நரகம்’ என்ற பங்கருக்குள் இறங்கிப் பார்த்தோம். சுவர் ஆள் உயரத்துக்கு மேலே. பதினேழில் கிரீனின் நடுவயிற்றில் குத்தியதுபோல் ஒரு சின்ன பங்கர், பின்னால் தார்ச்சாலை, அதன் பின்னால் கல்சுவர். சாலையில் விழுந்த பந்தைச் சாலையிலிருந்தே அடிக்கவேண்டும். 1978 ஓப்பனில் ஜப்பானின் டாமி நாகஜிமா இரண்டே அடியில் இந்தக் கிரீனுக்கு வந்துவிட்டார். மெல்லத் தட்டிய பந்து சரிவில் உருண்டு பங்கருக்குள் போனது. வெளியே வர நாலு அடி. அந்தக் குழியில் அவர் கணக்கு ஒன்பது.

“எனக்கு எட்டுதான்” என்றார் மேனேஜர் சார்.

திங்கட்கிழமைக் குலுக்கலிலும் எங்கள் சீட்டு விழவில்லை. வேன் டே நதிப் பாலத்தைத் தாண்டி டண்டீ வழியாக கார்னூஸ்டிக்குப் போகிறது. 1999-ல் கடைசிக் குழியில் ஆறு அடித்தாலே ஓப்பன் கோப்பை என்றிருந்த ஜான் வான் டி வெல்டு, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி நின்ற ஊர். அந்த ஓடையைப் பற்றி அடுத்த வாரம்.