புஷ் பாதியில அறுந்தா எங்க பார்க்கணும்?

ரிலீஸ் அன்னைக்கு மதியம், டிசைன் ஃபைல்களைச் சேர்த்து 400 எம்பிக்கு ஒரே கமிட் போட்டேன். கிட்ல கமிட் நம்ம மெஷின்லயே நடக்கும். அதனால உடனே முடிஞ்சது. புஷ் பண்ணும்போதுதான் "ரிமோட் எண்ட் ஹங் அப்"னு அறுந்துடுச்சு.

தேடினா எல்லாரும் போஸ்ட் பஃபரைக் கூட்டச் சொன்னாங்க. கூட்டினேன், அதே எரர். ஏன்னா அது நம்ம பக்கத்து செட்டிங். டீஃபால்ட் 1 எம்பி. அதைத் தாண்டினா கிட் டேட்டாவைத் துண்டு துண்டா அனுப்பும், அவ்வளவுதான்.

நான் கவனிக்காதது மேல் வரியில இருந்த 413. வர்ற ரெக்வெஸ்ட் ரொம்பப் பெருசுன்னு சர்வரே மறுக்குதுன்னு அர்த்தம். என்ஜின்எக்ஸ்ல இந்த வரம்புக்குப் பேர் கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ். மாத்தலன்னா 1 எம்பிதான். 504 வந்திருந்தா கதை வேற: பின்னாடி இருக்கிற சர்வர் நேரத்துக்குப் பதில் தரல. அதுக்கு ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் பார்க்கணும், டீஃபால்ட் 60 விநாடி.

சர்வர் என் கையில இல்ல. அதனால சாஃப்ட் ரீசெட் பண்ணி, ஃபைல்களை அப்படியே வச்சுக்கிட்டு, சின்னச் சின்ன கமிட்டா பிரிச்சேன். அப்பவும் மொத்தமா புஷ் பண்ணினா பலன் இல்ல. கிட் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிடும். ஒவ்வொரு கமிட்டா தனித்தனியா புஷ் பண்ணினேன். ரிலீஸ் தப்பிச்சது.

அடுத்த தடவை எரர் வந்தா, கடைசி வரிக்கு முன்னாடி அந்த நம்பரைப் படிங்க.