போர்க்கால மூதாதையரும் மலையகத் தொழிலாளர் வரலாறும்: மஸ்கெலியாவை முன்வைத்து ஒரு குறிப்பு

போர்க்காலத்திற் பணியாற்றிய மூதாதையர் ஒருவரின் வாழ்வைத் தேட முற்படும்போது, ஆவணங்களுக்கும் வர்க்கச் சார்பு உண்டு என்பதை நாம் காண்கிறோம். ஐரோப்பியரை மட்டுமே கொண்டிருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையின் அணியொன்று 1914 அக்டோபரில் எகிப்துக்குப் புறப்பட்டு, 1915இல் கலிபொலியிற் பணியாற்றியது. அத்துரைமாரின் வழித்தோன்றல்களுக்குப் படைப்பதிவேடும் பதக்கமும் நினைவுக்கல்லும் உள. அவர்கள் விட்டுச்சென்ற மலைகளிற் கொழுந்து பறித்தோர் செக்ரோலில் ஒரு வரியாகவே எஞ்சினர்.

இரண்டாம் உலகப்போரில் இவ்வுழைப்பின் முக்கியத்துவம் மேலும் பெருகியது. 1940 ஜூலையில் பிரித்தானியாவில் தேயிலைக்குப் பங்கீடு வந்தது. ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ். 1942இல் ஜாவாவும் சுமாத்திராவும் ஜப்பானியர் வசமாயின. அதன்பின் நேசநாடுகள் இந்தியத் தேயிலையையும் இலங்கைத் தேயிலையையுமே பெரிதும் நம்பியிருந்தன. மஸ்கெலியாத் தோட்டங்களிற் கூடை சுமந்த பெண்ணும் கவ்வாத்து வெட்டிய ஆணும் சீருடையின்றியே அப்போருக்கு உழைத்தனர் எனலாம்.

இதே ஆண்டுகள் பின்னர் அவர்களுக்கெதிரான அளவுகோலாயின. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையை நிறுவக் கோரியது. 7 ஆண்டுகளைப் பின்னோக்கிக் கணக்கிடின் 1939 வரும். அஃதாவது, போர்க்காலம் முழுவதும் லயத்தில் இருந்தமைக்குத் தொழிலாளி சான்று காட்டவேண்டியதாயிற்று. அச்சான்றோ தோட்ட நிர்வாகத்தின் ஏடுகளில் இருந்தது. 8 இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பிக்கப்பட்டபோதும், ஏறத்தாழ 1,34,000 பேரே உரிமை பெற்றனர். எஞ்சியோரின் விதியை 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது.

ஆகவே மலையகத்தில் மூதாதையரைத் தேடுவோர் படைப்பதிவேடுகளை நாடிப் பயனில்லை. தகரப் பெட்டிகளிற் கிடக்கும் பிரசாவுரிமை விண்ணப்பப் பிரதிகள், கடவுச்சீட்டுகள், பிறப்பு இறப்புப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்தே தொடங்கல் வேண்டும். இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட உறவினரிடமும் அவ்வேடுகளின் மறுபாதி இருக்கக்கூடும். பழைய மஸ்கெலியா நகர் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டமையால், முதியோரின் நினைவும் ஒப்பாரியும் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டிய நாட்டார் பாடல்களும் இங்கு வரலாற்று மூலங்களின் தகுதியைப் பெறுகின்றன.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றோர் பிரச்சினைக்குப் பெரும்பாலும் முடிவு கண்டது. எனினும் போர்க்காலத்தில் உழைத்தவர் யாவர் என்ற வினாவுக்கு அம்மக்களின் பெயர்களையும் சேர்த்து விடையிறுப்பது நமது ஆய்வுலகின் கடனாக எஞ்சியுள்ளது.