குடகு வீட்டுத் துப்பாக்கி

செப்டம்பர் தொடக்கத்தில் குடகுப் பக்கம் போனவர்களுக்குக் 'கைல் முகூர்த்தம்' தெரிந்திருக்கும். நம் ஆயுத பூஜை மாதிரி. நடவு முடிந்ததும் துப்பாக்கி, கத்தியெல்லாம் துடைத்து வைத்து, பூ வைத்துக் கும்பிடுவார்கள். அந்தப் பூவுக்குப் பெயரே 'தோக்குப் பூ'. தோக்கு என்றால் துப்பாக்கி. கிட்டே போய்ப் பார்த்தால் நம்முடைய செங்காந்தள்!

பண்டிகைக்குச் சில நாள் முன்பே ஒருமுறை மடிக்கேரி நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் அவர் தாத்தா காலத்துத் துப்பாக்கி. வாய்ப்பக்கமாக மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுகிற ரகம். குழலின் பின்பக்கத்தை மரை போட்ட இரும்பு அடைப்பு மூடியிருக்கும். 'பிரீச் பிளக்' என்பார்கள். அதைக் கழற்றிக் குழலைச் சுத்தம் செய்ய நண்பரின் மகனுக்கு ஆசை. வெல்டிங் பட்டறையில் சூடு காட்டினால் கழன்றுவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பாட்டிதான் தடுத்தார். முதலில் கம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னார். அடிவரை விட்டு, வாயருகே கம்பியில் குறி போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து அளந்தோம். பின்பக்கத் துவாரம் வரை எட்ட வேண்டிய கம்பி, நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. உள்ளே மருந்து! எந்தக் காட்டுப்பன்றிக்காக யார் கெட்டித்ததோ. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால், பல பத்தாண்டு கழித்தும் சூடு கண்டால் வெடிக்கும். பட்டறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பையன் முகம் வெளுத்துவிட்டது.

லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் வந்தார். கேப்பு வைக்கும் நிப்பிளைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியே தண்ணீர் விட்டு மருந்தை ஊறவைத்தார். நுனியில் திருகு உள்ள கம்பியால் ஈயக் குண்டைத் துளைத்து இழுத்தார். பிறகு நனைந்த மருந்தைக் கழுவினார்.

பிளக்கை மட்டும் தொடவில்லை. கழற்றுவதானால் மரையில் நாள் கணக்கில் எண்ணெய் ஊற வேண்டும். பழைய இடத்திலேயே திரும்ப வந்து நிற்க, குழலிலும் பிளக்கிலும் சேர்த்து ஒரு கோடு கீற வேண்டும். வைஸில் ஈயத்தகடு வைத்துப் பிடிக்க வேண்டும். இத்தனையும் செய்து தேய்ந்த மரை பழையபடி இறுகாவிட்டால், அடுத்த வேட்டில் அடைப்பு சுடுகிறவர் முகத்துக்கே வரும். "முன்பக்கமாக வெந்நீர் விட்டுத் துடைத்தால் போதும்" என்று சொல்லிவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

குடகர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அங்கே காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் லைசென்ஸ் வேண்டும்.

அந்த ஈயக் குண்டு இப்போது பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.