வேகத்துக்கு அத்திவாரம்

1949ஆம் ஆண்டு நடைபெற்ற இத்தாலி நாட்டைச் சுற்றும் துவிச்சக்கரவண்டிப் பந்தயத்தில், கூனியோ நகரிலிருந்து பினரோலோ நகர்வரை ஒரே நாளில் 254 கிலோமீற்றர் தூரத்தைக் கடக்கவேண்டியிருந்தது. வழியில் ஐந்து மலைக் கணவாய்கள். முதற் கணவாயிலேயே கூட்டத்தை விட்டுப் பிரிந்த பவுஸ்தோ கொப்பி, 192 கிலோமீற்றரைத் தன்னந்தனியே ஓட்டி வெற்றிபெற்றார். அடுத்தவராகப் பார்த்தாலி வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய 12 நிமிடங்கள் கழிந்திருந்தன.

இத்தகைய தாங்குசக்தி எவரிடத்தும் பந்தய நாளன்று பிறப்பதில்லை. அது மாதக்கணக்கிற் சேமிக்கப்படுவது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற பந்தயங்கள் பல வசந்தகாலத்தில் நடைபெறுகின்றன. அதற்கு முந்திய மாரிகாலத்தில் வீரர்கள் செய்யும் பயிற்சியைக் காண்போர் வியப்படைவர். நான்கைந்து மணி நேரம், ஒருவரோடொருவர் உரையாடிக்கொண்டே செல்லத்தக்க மிதமான வேகத்திலேயே அவர்கள் பெரும்பாலும் ஓட்டுகின்றனர். இது சோம்பலா? அன்று, இதுவே அத்திவாரம்.

நம் தசைகளுக்கு முக்கியமான எரிபொருள்கள் இரண்டு. ஒன்று கிளைக்கோசன்; மற்றையது கொழுப்பு. உடலிலுள்ள கிளைக்கோசன் ஏறக்குறைய 2,000 கலோரி சக்தியையே தரும். கடுமையாக ஓட்டினால் ஓரிரு மணி நேரத்திற் குறைந்துபோகும். கொழுப்போ மெலிந்தவர் உடலிலும் பல்லாயிரம் கலோரி அளவுக்கு உண்டு. ஆனால் பிராணவாயு போதிய அளவு கிடைத்தாலன்றி அதனைப் பயன்படுத்த இயலாது. அப்பணி தசைக் கலங்களிலுள்ள இழைமணிகளில் நிகழ்கிறது. நாள்தோறும் நெடுநேரம் ஓடப் பழக்கிய எலிகளின் தசைகளில், இழைமணிகளின் சுவாச ஆற்றல் ஏறக்குறைய இருமடங்காகியதை அமெரிக்க அறிஞர் ஜோன் ஹொலொசி 1967இல் வெளியிட்டார்.

மிதமான நெடும்பயிற்சியால் தசைகளில் மயிர்த்துளைக் குழாய்களும் பெருகுகின்றன. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய இரத்தத்தைச் செலுத்துகிறது. ஆதலால் ஓய்வுவேளையில் நாடித்துடிப்புக் குறைகிறது.

மாணவர்கள் பலர் இங்கேதான் வழிதவறுகின்றனர். நண்பன் முந்தினால் தாமும் முந்தவேண்டுமென்று தினந்தோறும் மூச்சிரைக்க ஓட்டுகின்றனர். உடல் தேறுவதற்கு அவகாசமில்லை. சில மாதங்களில் களைப்பு மேலிட, ஆர்வமும் வண்டியோடு மூலையிற் சாய்ந்துவிடுகிறது. சிறந்த வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களது பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டு இலகுவானவை என்று கண்டார்.

எளிய சோதனை ஒன்றுண்டு. ஓட்டும்போது முழு வாக்கியங்களாகப் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரியானது. பேச்சு இடையில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். எட்டு முதற் பன்னிரண்டு வாரங்கள் இவ்வாறு பழகுங்கள். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரந்தோறும் குறைத்து இளைப்பாறுங்கள். நெஞ்சுநோ உடையோர் முதலில் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

மெதுவான பயிற்சி மட்டும் பந்தயத்தை வென்று தராது. மேடேறும் பயிற்சியும் விரைவோட்டமும் பின்னர் வேண்டும். எனினும் அத்திவாரமின்றிச் சுவர் நில்லாது. பிறர் முந்திச் செல்லும்போது தன் வேகத்தை மாற்றாதிருக்கக் கற்றவனே, ஐந்தாம் மணி நேரத்திலும் கால் தளராது மிதிப்பான்.